மதியத்து வண்டி

செந்தாய்,
செப்டம்பர் 21, 1973

அன்புள்ள அத்தானுக்கு,

இசாமு வணங்கி எழுதுவது. இங்கே காலையில் கம்பளி மேல்சட்டை இல்லாமல் வெளியே போக முடியவில்லை. தோக்கியோவில் இன்னும் புழுக்கமாகத்தான் இருக்கும். அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டாள்.

சுற்றுப்பயணத்தின் முதல் ஊர் நல்லபடியாக முடிந்தது. லாரி அரை நாள் தாமதமாக வந்ததால் மேடை போட நேரம் போதவில்லை. இருந்தாலும் திரை சரியான நேரத்துக்கு ஏறிவிட்டது. படகுக்காரராக வருகிற கஜிதானி தாத்தா, முதல் அங்கத்தில் ஒரு தும்மலைப் புதிதாகச் சேர்த்துச் சிரிப்பு வாங்கினார். "அத்தான் வைக்காத தும்மல் வேண்டாம்" என்றேன். "உங்க அத்தானுக்கு ஜலதோஷமே வந்ததில்லையா?" என்று முறைத்துக்கொண்டார். நாளை தும்மமாட்டார்.

சயோகோ நன்றாகச் செய்கிறாள். முதல் தடவையாகக் கதாநாயகி வேஷம், அதனால் கொஞ்சம் பயம். அவளுக்கு மாற்று நடிகையாக ரீயேயும் வசனத்தைப் படித்துவருகிறாள். மூன்றாம் அங்கத்தில், கடலுக்குப் போன புருஷன் இனி வரமாட்டான் என்று ஊர்க்காரர் வந்து சொன்னதும் அவள் வலையை மடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாளே, அந்த இடம். நீங்கள் நாலு மூச்சு விடச் சொல்லியிருந்தீர்கள். அவள் இரண்டரையிலேயே "அப்படியா" என்று சொல்லிவிடுகிறாள்.

"ஏன் அவசரப்படறே?" என்று கேட்டேன்.

"சனங்க இருமறாங்கண்ணா. நான் வசனத்தை மறந்துட்டேன்னு நினைச்சுக்குவாங்களோன்னு இருக்கு."

"நினைச்சா நினைக்கட்டும். நாலு மூச்சுன்னா நாலு மூச்சு."

இன்னொன்று. ஹிரோசாகியில் இருக்கிற அவள் அம்மாவுக்கு இதயக்கோளாறு. நாம் அகிதாவுக்குப் போகும்போது ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். அகிதா ஆட்டம் முடிந்த மறுநாள் விடுமுறைதான், போய் வா என்று சொல்லியிருக்கிறேன்.

தோக்கியோவில் கடைசி நாள் ஆட்டம் முடிந்ததும், "இனி இது உன் கையில்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். நீங்கள் இயக்கிக் கொடுத்தபடியே வைத்திருக்கிறேன். கவலை வேண்டாம்.

தங்கள்,
இசாமு


தோக்கியோ,
செப்டம்பர் 30, 1973

என் அருமை மைத்துனா,

உன் கடிதத்தை உன் அக்கா எனக்கு முன்னால் பிரித்துப் படித்துவிட்டாள். முழங்கால் பரவாயில்லை என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். பரவாயில்லை என்றால் வலிக்கிறது என்று அர்த்தம். நீ வயிற்றைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டே நூடுல்ஸ் விழுங்காதே.

கஜிதானியின் தும்மலை நறுக்கியது சரி. கிழவரை ஒரு ஊரில் விட்டால் அடுத்த ஊரில் நடனமே ஆடிவிடுவார். சயோகோவை விடாதே. நாலு மூச்சு. இருமுகிறவர்கள் இருமி முடித்தபிறகு வருகிற அமைதிதான் எனக்கு வேண்டும்.

நேற்று ஒரு நிருபர் வந்தார். "உங்கள் மேடை நிர்வாகியோடு பத்தொன்பது வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறீர்களே, எப்படி?" என்று கேட்டார். "நான் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் அவன் லைட்டை மாற்றிவிடுவான், வாயைத் திறக்கவே வேண்டாம்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. உன் அக்காகூட என்னை இந்த அளவு படித்ததில்லை.

வசந்தகாலத்துக்குப் பெரிய தியேட்டர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இப்போதைக்கு யாரிடமும் மூச்சு விடாதே. நீ இல்லாமல் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

உடம்பைக் கவனி.

கென்சாகு


அகிதா,
அக்டோபர் 18, 1973

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நேற்றிலிருந்து காற்று பலமாக அடிக்கிறது.

சயோகோவின் அம்மா நேற்று காலமாகிவிட்டார். இன்று அதிகாலை தந்தி அடித்திருந்தேன், கிடைத்திருக்கும். என்ன நடந்தது என்று முழுதாக எழுதவேண்டும் போலிருக்கிறது. நீங்களும் தெரிந்துகொள்ளவேண்டும்.

மதியத்துக்குச் சற்று முன்னால் அரங்க அலுவலகத்துக்கு அவளுடைய அண்ணன் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "அம்மாவுக்கு ரொம்ப மோசமா இருக்கு. டாக்டர் சொந்தக்காரங்களைக் கூப்பிடச் சொல்லிட்டாரு. மதியத்து ரயில்வண்டியில தங்கச்சியை ஏத்திவிட முடியுமா?" என்றார். "சொல்லிடறேன்" என்றேன்.

உடனே உங்களைக் கூப்பிட்டேன். நாம் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

"சயோகோவோட அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம், அத்தான். மதியத்து வண்டியில அனுப்பச் சொல்றாங்க."

அதற்கு நீங்கள் கேட்டது இதுதான்.

"இன்னைக்குக் கூட்டம் எப்படி?"

"ஹால் நிறைஞ்சாச்சு."

"ம். ரீயே தாங்குவாளா?"

"வசனம் அத்தனையும் தெரியும். மேடையில ஒத்திகை பாக்கலை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு, "சரி, நீ பாத்துக்கோ. உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

நான் நடைகூடத்துக்கு வந்தேன். சயோகோ மூன்றாம் அங்கத்து உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "யாருண்ணா போன்ல?" என்று கேட்டாள். "தோக்கியோ" என்றேன். "நாலு மூச்சுதானே? சொல்லிட்டீங்கல்ல, இப்ப ஒழுங்கா விடறேன்னு" என்று சிரித்தாள். சொல்லிட்டேன் என்றேன்.

வண்டி போய்விட்டது.

ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் அங்கம் நடந்துகொண்டிருக்கும்போது அண்ணன் மறுபடி கூப்பிட்டார். முடிந்துவிட்டது என்றார். உள்ளூர் நாடக ரசிகர் சங்கத்தின் செயலாளரிடம் கார் கேட்டு ஏற்பாடு செய்தேன். திரை இறங்கி, அவள் அரிதாரம் கலைத்தபிறகு சொன்னேன்.

அவள் அழவில்லை. "வண்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா. கார் நிக்குது."

காரில் ஏறும்போது, "போன் எப்பண்ணா வந்துச்சு?" என்று கேட்டாள். "ரெண்டாவது அங்கம் ஓடிக்கிட்டிருந்தப்போ" என்றேன். பொய் இல்லை. அந்த நேரத்திலும் ஒரு போன் வந்ததுதான்.

நாம் செய்தது சரிதானே, அத்தான்? ஒரு வரி எழுதினால் போதும்.

இசாமு


தோக்கியோ,
நவம்பர் 7, 1973

அருமை இசாமு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பெரிய தியேட்டர்காரர்களோடு தினமும் கூட்டம். பதில் எழுத உட்கார்ந்தால் யாராவது வந்துவிடுகிறார்கள். இங்கே எண்ணெய் விலை ஏறியதால் காகிதம்கூடக் கிடைக்காமல் போகும் என்று ஊரே பயந்து கிடக்கிறது. கழிப்பறைக் காகிதத்துக்காக உன் அக்கா அந்த முழங்காலோடு அரை நாள் வரிசையில் நின்று, கடைசியில் வெறுங்கையோடு திரும்பினாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சயோகோவின் அம்மா விஷயம் கேட்டு மிகவும் வருந்தினேன். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். குழுவின் பெயரில் மலர்வளையம் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அவள் திரும்ப வந்துவிட்டாளா? மூன்றாம் அங்கம் எப்படிப் போகிறது? அதை மட்டும் விவரமாக எழுது.

குளிருக்குக் காதைப் பொத்திக்கொள்.

கென்சாகு


நீகாத்தா,
நவம்பர் 15, 1973

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழையும் பனியும் கலந்து பெய்கிறது. எண்ணெய்ச் சிக்கனம் என்று அரங்கத்தில் வெப்பத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். சனங்கள் மேலங்கியோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். அக்காவை வரிசையில் நிற்கவிடாதீர்கள். பழைய செய்தித்தாள் நம் சாமான் அறையில் கட்டுக்கட்டாக இருக்கிறது என்று சொல்லுங்கள், சிரிப்பாள்.

நீங்கள் கேட்டபடி மூன்றாம் அங்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

சயோகோ இல்லாதபோது ரீயே இரண்டு ஊர்களில் நடித்தாள். பக்கத்திரைக்குப் பின்னால் வசன ஏட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சயோகோ அளவுக்கு இல்லை. ஆனாலும் ஆட்டம் குலையவில்லை. சனங்கள் கைதட்டினார்கள். அவள் தாங்குவாள் என்று எனக்கு முன்னமே தெரியும், அத்தான். செந்தாயிலிருந்தே அவள் பக்கத்தில் நின்று உதட்டசைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது சயோகோ வந்துவிட்டாள். யாரிடமும் எதுவும் பேசுவதில்லை என்றில்லை, பேசுகிறாள். கஜிதானி தாத்தா அவளுக்குத் தினமும் வேகவைத்த முட்டை உரித்துக் கொடுக்கிறார். "ரெண்டு தின்னு, ஆவி மாதிரி நிக்காதே, சனங்க பேய்க்கதைன்னு நினைச்சுடுவாங்க" என்கிறார். அவளும் சிரித்துச் சாப்பிடுகிறாள்.

ஆனால் அந்த இடம் மாறிவிட்டது. வலையை மடிக்கிறாள், நிறுத்துகிறாள், நாலு மூச்சுக்கு மேலும் போகிறது. இரண்டு பங்கு போகிறது, சில நாள் அதற்கும் மேல். முதல் நாள் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து திரைக்கயிற்றில் கை வைத்துவிட்டேன். அதற்குள் "அப்படியா" என்றாள். அரங்கத்தில் ஒருவரும் இருமவில்லை.

நீங்கள் வைத்த அளவு இது அல்ல. திருத்தவேண்டியது என் வேலை. அவளிடம் போய் நாலு மூச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொன்னால் சொல்கிறேன்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். வேலை நெருக்கடியில் விட்டுப்போயிருக்கும்.

இசாமு


தோக்கியோ,
நவம்பர் 25, 1973

என் அருமை மைத்துனா,

திருத்தாதே! கை வைத்தால் உன்னைக் கடலில் தள்ளிவிடுவேன்.

நீகாத்தாவில் உங்கள் ஆட்டத்தை இங்கிருந்து போன ஒரு விமர்சகர் பார்த்திருக்கிறார். வந்ததும் வராததுமாக எனக்குப் போன். "அந்தப் பெண் பேசாமல் உட்கார்ந்திருக்கிற இடத்தில் என் தோளில் யாரோ கை வைத்ததுபோல் இருந்தது. இதை எப்படி அவளிடமிருந்து வாங்கினீர்கள்?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல! ஒத்திகையில் நான் கெஞ்சியும் வராதது, தானாக வந்திருக்கிறது. நாலு மூச்சு என்று நான் சொன்னதை மறந்துவிடு. எத்தனை மூச்சோ, அவள் இஷ்டம்.

பெரிய தியேட்டரில் அவளைத்தான் கேட்கிறார்கள். அவளும் நீயும் இருந்தால் எனக்கு வேறு யாரும் வேண்டாம். ஏப்ரலில் புதிய நாடகத்தின் முதல் ஆட்டம். அவளிடம் நீயே பக்குவமாகப் பேசு.

உன் அக்கா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னி முடித்துவிட்டாள். கனசாவா விடுதி விலாசத்துக்கு அனுப்புகிறாள்.

கென்சாகு


கனசாவா,
டிசம்பர் 7, 1973

அன்புள்ள அத்தானுக்கு,

காலுறை வந்தது. இதை எழுதும்போது காலில்தான் இருக்கிறது. அக்காவிடம் நன்றி சொல்லுங்கள்.

அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்காகச் சயோகோ ஹிரோசாகிக்குப் போயிருந்தாள். நேற்று திரும்பி வந்தாள். பெட்டியை வைத்தவுடன் நேராகச் சாமான் அறைக்கு வந்தாள். நான் வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் ரெண்டு தடவை வந்துச்சாமே" என்றாள்.

"ஆமா."

"முதல்ல எப்ப?"

"மதியத்துக்கு முன்னாடி. நீ இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தே."

"அப்ப வண்டி இருந்துச்சு."

"இருந்துச்சு."

வலையின் ஒரு முடிச்சை இறுக்கினாள். "டைரக்டர் சொல்லி மறைச்சீங்களா, நீங்களாவே மறைச்சீங்களா?"

அத்தான், அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கடைசியில் "நான்தான்" என்றேன்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினாள்.

"அம்மா சாகக் கிடக்கும்போது ஆட்டத்தை முடிச்சிட்டுப் போன நடிகைங்க எத்தனையோ பேர் இருக்காங்க. நானும் அப்படி நின்னிருக்கலாம். கஜிதானி தாத்தாகூட நின்னவர்தான். இல்ல, உடுப்பை அப்படியே போட்டுட்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பேனோ என்னவோ. நான் எப்படிப்பட்டவள்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க கேக்கலை. இனிமே அது எனக்குத் தெரியவே தெரியாது, இல்லையாண்ணா?"

நான் தலை கவிழ்ந்து வணங்கி மன்னிப்புக் கேட்டேன். "எந்திரிங்க, வலை நசுங்குது" என்றாள்.

ஆட்டத்துக்கு நேரமானதும் போய் அரிதாரம் போட்டுக்கொண்டாள்.

நீங்கள் அவளுக்கு எழுதவேண்டும், அத்தான். அன்று என்னோடு பேசினீர்கள் என்று மட்டும் எழுதினால்கூடப் போதும். நான் பழியிலிருந்து தப்பிப்பதற்காகக் கேட்கவில்லை. உங்களுக்கும் தெரிந்திருந்தது என்று அவள் உங்கள் வாயாலேயே கேட்கவேண்டும்.

புதிய நாடகத்தைப் பற்றி அவளிடம் நான் பேசவில்லை.

இசாமு


தோக்கியோ,
டிசம்பர் 10, 1973

இசாமு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் ஏதோ உத்தரவு போட்டதுபோல் இருக்கிறது. நீயே என் வார்த்தைகளை அகிதாவிலிருந்து எழுதியிருக்கிறாய், எடுத்துப் படித்தேன். அவளை அனுப்பாதே என்று நான் எங்கே சொன்னேன்? மறைத்துவை என்று சொன்னேனா? கூட்டம் எப்படி என்று கேட்டேன். எந்த டைரக்டரும் கேட்பான். ரீயே தாங்குவாளா என்று கேட்டேனே, அது சயோகோவை அனுப்பலாமா என்று யோசித்ததால்தானே? நீ பார்த்துக்கொள் என்றேன். உன்னை நம்பிச் சொன்னேன். அங்கே இருந்தவன் நீ. முடிவு செய்தவன் நீ.

அவளுக்கு நான் என்னவென்று எழுதுவது? நடக்காததை எழுதவா? இப்போது அவள் மனதைக் கிளறுவது அவளுக்கும் நல்லதல்ல, ஆட்டத்துக்கும் நல்லதல்ல.

களைத்துப்போயிருக்கிறாய். பயணம் முடியட்டும். ஜனவரியில் வெந்நீர் ஊற்று எதற்காவது நாம் மூவரும் போய் வருவோம் என்று உன் அக்கா சொல்கிறாள்.

கென்சாகு


மத்சுயே,
டிசம்பர் 19, 1973

இயக்குநர் ஒனோதெரா கென்சாகு அவர்களுக்கு,

ஆண்டு முடிகிற நேரம். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்றோடு சுற்றுப்பயணம் முடிந்தது. மேடைச் சாமான்கள் சேதமின்றி லாரியில் ஏற்றப்பட்டுவிட்டன. ஒரு விளக்கு மட்டும் தொத்தோரியில் உடைந்தது. மற்றபடி இயக்குநர் ஒப்படைத்த நாடகம் ஒப்படைத்தபடியே, ஒரே ஒரு இடத்தைத் தவிர, திரும்பி வருகிறது.

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தாங்கள் சொல்வது சரி. தாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒத்திகைகளிலும் தாங்கள் சொல்வதில்லை. ஒருவரை நடிப்பிலிருந்து எடுக்கவேண்டுமென்றால் அவர் பெயரைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பீர்கள். நான் போய் அவரிடம் பேசுவேன். ஒரு காட்சியை வெட்டவேண்டுமென்றால் பென்சிலைக் கீழே வைப்பீர்கள். மறுநாள் அந்தக் காட்சியின் சாமான்கள் மேடையில் இருக்காது. பத்தொன்பது வருஷமாகத் தாங்கள் சொல்லாததையெல்லாம் கேட்டுச் செய்ததற்காகத்தான் என்னைப் பாராட்டினீர்கள். நிருபர்களிடம்கூடச் சொன்னீர்கள். அன்று மட்டும் நான் ஏன் சொல்லாததைக் கேட்டேன் என்கிறீர்கள்.

தாங்கள் மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "அனுப்பு" என்றோ "அனுப்பாதே" என்றோ, அவளை அனுப்பியிருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது. அனுப்பாதே என்று தங்கள் வாயாலேயே கேட்டிருந்தால் எனக்கே கோபம் வந்திருக்கும். வராமல் போய்விட்டது. இது என் குற்றந்தான். இதைத் தங்கள்மேல் போட நான் எழுதவில்லை. ஆனால் என் குற்றம் மட்டும் என்று இனி என்னால் நினைக்க முடியாது.

அந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். விமர்சகர் தோளில் கை வைத்ததுபோல் இருந்தது என்றாரே, அதைப் பற்றி. கடைசி ஆட்டம் முடிந்தபின் சயோகோவிடம் கேட்டேன், அந்த நேரத்தில் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று.

"முதல்ல எல்லாம் அம்மாவை நினைச்சேன். இப்ப வண்டியில போறேன்" என்றாள். "அகிதாவுல ஏறி ஒவ்வொரு ஸ்டேஷன் பேரா சொல்லிக்கிட்டு வரேன். ஹிரோசாகி வந்ததும் வாயைத் திறக்கறேன். சில நாள் வண்டி மெதுவாப் போகுது."

இதை வைத்துத்தான் பெரிய தியேட்டரில் அவளைக் கேட்கிறார்கள்.

நேற்று குழுவினர் அனைவரையும் உட்காரவைத்து, போன் எப்போது வந்தது, நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். தங்கள் பெயரை எடுக்கவில்லை. கஜிதானி தாத்தா மட்டும், "நீ பேசறது உன் குரல் மாதிரியே இல்லையேடா" என்றார்.

இத்துடன் என் பொறுப்பை விட்டுவிடுகிறேன். ஏப்ரல் நாடகத்துக்கு வேறொருவரை ஏற்பாடு செய்துகொள்ளவும். அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

குரோசே இசாமு


தோக்கியோ,
மார்ச் 14, 1974

இசாமு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உன் விலாசத்தை உன் அக்காவிடமிருந்து வாங்கினேன். கொடுக்க யோசித்தாள். அவளுக்கு முழங்காலில் நீர் எடுத்தார்கள், இப்போது கோலூன்றி நடக்கிறாள். நீ அவளுக்கு மட்டும் எழுதுகிறாய் என்பது எனக்குத் தெரியும். படித்துவிட்டு என் கண்ணில் படாமல் வைத்துவிடுகிறாள்.

ஒத்திகை நடக்கிறது. புதிய மேடை நிர்வாகி ஒரு பெண், மக்கினோ என்று பெயர், நல்ல கெட்டிக்காரி. ஆனால் எல்லாவற்றையும் கேட்கிறாள். "டைரக்டர், நீங்க பென்சிலை வெச்சீங்களே, அதுக்கு வெட்டணும்னு அர்த்தமா, கை வலிக்குதுன்னு அர்த்தமா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டாள். நடிகர்கள் சிரித்துவிட்டார்கள். நாள் முடிந்து வீட்டுக்கு வந்தால் தொண்டை வலிக்கிறது. நான் இவ்வளவு பேசியதே இல்லை.

சயோகோ வரமாட்டேன் என்றுவிட்டாள். காரணம் எழுதவில்லை. ஓசாகாவில் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கடைசிக் காட்சியில் பனி விழுகிறது. இங்கே எவ்வளவு முயன்றும் அது காகிதமாகத்தான் விழுகிறது. நீ போடுகிற பனி எப்படி அத்தனை மெதுவாக இறங்கும்? உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று நான் போனை வைத்தபிறகு...

சரி. அதை நேரில் பேசிக்கொள்ளலாம். நேரில் வருவாயா?

கென்சாகு


நோஷிரோ,
ஏப்ரல் 2, 1974

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே கடற்கரையோரம் இன்னும் பனி கிடக்கிறது. பூ பூக்க இன்னும் ஒரு மாதம் பிடிக்கும். நான் சுகம். ஊர் மன்றத்தில் வேலை. மேடையில் நாற்காலி போடுவது, எடுப்பது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டுப் பாடினால் ஒலிபெருக்கி வைப்பது. அக்கா கோல் வைத்துக்கொள்ளக் கூச்சப்படுவாள். வெளியே போகும்போது நீங்களும் ஒன்று வைத்துக்கொண்டால் கூச்சம் போய்விடும்.

பனிக்குக் காகிதத்தைச் சதுரமாக வெட்டவேண்டாம், முக்கோணமாக வெட்டச் சொல்லுங்கள். பெரிதும் சிறிதும் கலக்கவேண்டும். மேலே தொங்கவிட்ட காகிதக் கூடையின் கயிற்றை நடிகர் பேச ஆரம்பித்ததும் ஆட்டினால் தாமதமாகிவிடும். பேசப்போகிறவர் மூச்சை இழுக்கும்போது ஆட்டவேண்டும். மக்கினோவிடம் இதை அப்படியே சொன்னால் செய்துவிடுவார். அவர் கேட்கிறபோது பதில் சொல்லுங்கள், அத்தான். தொண்டை வலித்தாலும்.

போன வாரம் ஹிரோசாகிக்குப் போய் வந்தேன். இங்கிருந்து தொலைவில்லை. சயோகோவின் அம்மாவுக்கு ஊதுபத்தி ஏற்றவேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஸ்டேஷன்வரை போய்த் திரும்பி வந்தேன். இந்தத் தடவை ஏறிவிட்டேன்.

அண்ணன்காரருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரிந்தது. வாசலில் நான் பெயரைச் சொன்னதும் "ஓ, போன்ல பேசினவரா" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஆப்பிள் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் சுத்தியலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி எல்லாத்தையும் சொன்னா. அதை நான் கேக்கலை" என்றார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். சொல்லிடறேன்னு சொன்னீங்களே, அப்ப உண்மையாவே சொல்றதாத்தான் இருந்தீங்களா?"

"இருந்தேன்" என்றேன். அது உண்மைதான், அத்தான். போனை வைக்கும்வரை அப்படித்தான் இருந்தேன்.

"நான் உள்ளே போய் அம்மாகிட்டச் சொல்லிட்டேன், சயோகோ வண்டி ஏறிட்டாள்னு. ஸ்டேஷனுக்கு என் மச்சானை அனுப்பினேன். அம்மாவுக்கு நினைவு நல்லா இருந்துச்சு. தலையணையைத் தூக்கி வைக்கச் சொன்னாங்க, கதவு தெரியற மாதிரி. அந்த வண்டி வந்துச்சு, மச்சான் தனியா வந்தான். அடுத்த வண்டியா இருக்கும்மான்னு சொன்னேன். அதுக்கும் அனுப்பினேன். அப்புறம் ஒண்ணும் கேக்கலை அவங்க. கதவைப் பாத்தபடியேதான் போனாங்க."

இது சயோகோவுக்குத் தெரியாதாம். தெரியவேண்டாம் என்றார். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வண்டியில் திரும்பும்போது, உங்களிடம் மட்டும் சொல்லவேண்டும் என்று தோன்றியது. வாக்குத் தவறுகிறேன். உங்களுக்குப் பாரமாக இருக்கட்டும் என்று இல்லை. இருவரும் சேர்ந்து செய்ததை ஒருவன் மட்டும் தெரிந்துவைத்திருப்பது சரியில்லை.

பிறகு உள்ளே வரச் சொன்னார். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வணங்கினேன். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடிக்கலாமா என்று தெரியவில்லை. ஆறிக்கொண்டிருந்தது. "குடிங்க, குளிர்ல வந்திருக்கீங்க" என்றார். குடித்தேன்.

அக்காவுக்கு என் அன்பு. நேரில் வருவேனா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வரமாட்டேன். அன்று போனை வைத்தபிறகு என்ன என்பதை எழுதமுடிகிறபோது எழுதுங்கள். படிக்கிறேன்.

இசாமு